கூரை ஓட்டையை எப்போது அடைப்பது?

கொத்தனார் வேலையை முடித்துப் போய் ஒரு மணி நேரம் இருக்கும். முன்பக்கச் சுவரும் ஓடும் சேருகிற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அதைத்தான் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டுப் போயிருந்தார். பூசச் சொன்னது நான். வாசற்படியில் எப்போது பார்த்தாலும் துரும்பும் எச்சமும், விடிவதற்கு முன்பே கீச்சுக்கீச்சென்று சத்தம். இனிமேல் தொல்லை இருக்காது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு பெண் சிட்டுக்குருவி அந்த ஈரச் சிமெண்டுக்கு முன்னால் சிறகை அடித்தபடி நின்றுகொண்டிருந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. சுவரில் காலூன்றப் பார்க்கும், வழுக்கும், எதிரே உள்ள கம்பியில் போய் உட்காரும், மறுபடி வரும். எத்தனை முறை வந்தும் புழுவைக் கீழே விடவில்லை. ஏணி வைத்து ஏறி ஓட்டில் காதை வைத்தேன். உள்ளே மெல்லிய குரல்கள்.

கையில் கிடைத்த திருப்புளியால் சிமெண்டைக் குத்திப் பெயர்த்தேன். நல்லவேளை, காயவில்லை. உள்ளே நான்கு குஞ்சுகள். கண் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. வாயோரம் மஞ்சளாகத் தடித்து, கழுத்து நூல் மாதிரி மெலிந்து, இறகு முளைக்கும் இடங்களில் கறுப்புக் குச்சிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. என் விரலின் நிழல் பட்டதும் நான்கும் வாயைத் திறந்தன. இறங்கி ஏணியை அப்பால் எடுத்த பத்தாவது நிமிடம் தாய் உள்ளே போய்விட்டது.

அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது. வாசலுக்கு வர இன்னும் நேரமாகியிருந்தால் நான்கும் உள்ளேயே முடிந்திருக்கும். பிறகு அந்த நாற்றமும் ஈயும் வீட்டுக்குள் வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து நான்கு வருடங்களாகக் கூரைப் பறவைகளோடு பழகிப் படித்ததை எழுதுகிறேன். இதில் பாதி, தவறு செய்து கற்றது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது நாள் கணக்கு. கூடு என்பது பறவையின் நிரந்தர வீடு இல்லை. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்கும்வரை தேவைப்படுகிற தொட்டில், அவ்வளவுதான். சிட்டுக்குருவி பெரும்பாலும் நான்கைந்து முட்டை இடும், நாளுக்கு ஒன்றாக. பொரிய 10 முதல் 14 நாள். பொரித்த குஞ்சு வெளியே பறக்க ஏறத்தாழ 15 நாள். ஆக முதல் முட்டையிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் இடம் காலி. மைனா நான்கிலிருந்து ஆறு நீல முட்டைகள் இடும். அடைகாக்க 13 முதல் 18 நாள், குஞ்சு வெளியேற மூன்று வாரத்துக்கு மேல். புறா இரண்டே முட்டைதான், ஆனால் பொறுமையாகத்தான் வளர்க்கும். 17 முதல் 19 நாள் அடைகாத்து, பிறகு குஞ்சை நான்கு ஐந்து வாரம் கூட்டிலேயே வைத்திருக்கும்.

சரி, ஒரு மாதம் பொறுத்தால் போதுமே என்றால், அங்கேதான் இரண்டாவது சிக்கல். இவை எதுவுமே வருடத்துக்கு ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. சிட்டுக்குருவி ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிக்கும். புறா இன்னும் வேகம். முதல் ஜோடிக் குஞ்சுகள் கூட்டை விடுவதற்கு முன்பே பக்கத்தில் அடுத்த முட்டையை இட்டுவிடும். அதனால் அடைப்பதற்கு நமக்குக் கிடைக்கும் இடைவெளி சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களை விட்டுவிட்டால் மறுபடி ஒரு மாதம், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். நான் இப்போது சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைக்கிறேன்: துரும்பு கொண்டுவந்த நாள், குஞ்சுச் சத்தம் முதலில் கேட்ட நாள், காலியாகும் என்று எதிர்பார்க்கிற நாள்.

கூடு காலியா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சத்தம் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மிக அமைதியான காலம் அடைகாக்கும் காலம்தான். தாய் உள்ளே அசையாமல் உட்கார்ந்திருக்கும், போக்குவரத்து குறைவு, முட்டை கத்தாது. என் கொத்தனார் பூசிய அன்றைக்குக் குஞ்சுகள் இருந்ததால்தான் தாய் அவ்வளவு துடித்தது. ஒரு வாரம் முன்பு பூசியிருந்தால், அடையில் இருந்த தாயையே உள்ளே வைத்து மூடியிருப்போம். ஆகவே காதை நம்பாதீர்கள். கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, ஒரு நீளக் குச்சியில் கட்டி, ஓட்டைக்கு நேராகப் பத்து விநாடி காட்டி எடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், பளிச்சென்று விளக்கைப் போட வேண்டாம். முட்டையோ குஞ்சோ தெரிந்தால் இறங்கிவிட வேண்டியதுதான். வெறும் துரும்பு மட்டும் இருந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம்.

முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைக்காமல் இருப்பது மனிதாபிமானம் மட்டும் இல்லை, பல நாடுகளில் சட்டமும்கூட. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம், பயன்பாட்டில் உள்ள எந்தக் காட்டுப் பறவையின் கூட்டையும் வேண்டுமென்றே அழிப்பதைக் குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் இயல்பான பறவைகளைக் காக்கிறது, வெளியிலிருந்து வந்த வீட்டுச் சிட்டுக்குருவியும் மாடப்புறாவும் அதில் சேராது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் சிதைப்பதை வேட்டையின் விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. எங்கே இருந்தாலும், கை வைப்பதற்கு முன் உங்கள் பகுதி வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

உடனே ஏதாவது செய்தாக வேண்டிய ஒரே ஒரு நிலைமை உண்டு. அது எங்கள் வீட்டிலேயே வந்தது. குளியலறைச் சுவரில் எரிவாயு வெந்நீர்க் கலத்தின் புகைக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் ஒரு மைனா பிளாஸ்டிக் கயிறும் பாம்புச் சட்டையும் காய்ந்த புல்லுமாகக் கொண்டுபோய் அதில் திணித்துக்கொண்டிருந்ததை என் மகள்தான் பார்த்தாள். “அப்பா, மைனா குழாய்க்குள்ள குடித்தனம் வைக்குது” என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழாய் அடைபட்டால் எரிந்த வாயு வெளியேற வழியில்லை. கார்பன் மோனாக்சைடு குளியலறைக்குள்ளேயே தங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தலைசுற்றுவது தெரியும்போதே ஆள் எழுந்து நடக்க முடியாத நிலைக்கு வந்துவிடலாம். அன்றைக்கே வாயு வால்வை மூடினேன். வீடியோ எடுத்துப் பார்த்தேன், முட்டை இல்லை. எல்லாவற்றையும் வெளியே இழுத்துப்போட்டு, அந்தக் கருவிக்கென்றே விற்கும் கம்பி மூடியை, அதைப் பழுதுபார்க்கும் ஆளை வரவழைத்து மாட்டச் சொன்னேன். நாமாக ஏதாவது வலையைச் சுற்றினால் புகை போகும் வழி குறுகிவிடும், அதனால் இந்த ஒன்றை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். முட்டை இருந்திருந்தால்? குஞ்சு பறக்கும்வரை அந்தக் கலத்தைத் தொட்டிருக்க மாட்டேன், அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்திருப்போம்.

இப்போது அடைப்பதைப் பற்றி. இதில் நான் சொல்லும் மிக முக்கியமான ஒரு விஷயம்: கூட்டை எடுப்பது தீர்வு இல்லை, ஓட்டையை அடைப்பதுதான் தீர்வு. கூட்டை மட்டும் எடுத்துப் போட்டால் மறுநாளே துரும்பு வரும். ஆண் சிட்டுக்குருவிக்கு அந்த ஓட்டை அதன் சொத்து. நீங்கள் பத்து முறை எடுத்தால் அது பதினோரு முறை கட்டும். கூடு எடுக்கிற அதே நாளில் வழியையும் மூட வேண்டும்.

எதைக் கொண்டு மூடுவது? சிமெண்ட் வேண்டாம். குருவிக்காக மட்டும் சொல்லவில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்று போக வேண்டும். அந்தக் காற்றை அடைத்தால் கூரைக்கு அடியில் ஈரம் தங்கி மரச்சட்டம் உளுத்துப்போகும். நான் போட்டது துருப்பிடிக்காத கம்பி வலை, 12 மில்லிமீட்டர் கண். பொதுவாகச் சிட்டுக்குருவிக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் கண் இருக்கக் கூடாது, புறாவுக்கு 50 மில்லிமீட்டர் போதும். புறாவுக்கென்று வாங்கிய வலையைக் குருவி ஓட்டைக்குப் போட்டால் குருவி சாதாரணமாக நுழைந்துவிடும். வலையை ஓட்டையைவிடப் பெரியதாக வெட்டி, விளிம்பை உள்பக்கம் மடித்து, மரச்சட்டத்தில் திருகாணியால் முடுக்கினேன். இரும்புப் பஞ்சை அடைத்தவர்களின் சுவரில் மழைக்குப் பிறகு துரு வழிந்து கோடு போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையைத் தனியாக நம்ப முடியாது, பறவை அலகாலும் எலி பல்லாலும் குடைந்து எடுத்துவிடும்.

நைலான் வலை போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தொளதொளவென்று தொங்கும் வலை பறவைக்குத் தூக்குக் கயிறு. இழுத்து விறைப்பாகக் கட்ட வேண்டும், மாதம் ஒருமுறை ஓரங்களைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கழன்றால் உள்ளே நுழைந்த பறவைக்குத் திரும்பி வர வழி தெரியாது.

சூரிய மின்தகடுகள் வைத்த பிறகு புறாக்கள் வந்தன. தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு முழம் நிழல். பூனை வராது, மழை படாது, அதைவிட நல்ல இடம் புறாவுக்கு ஏது? எச்சம் தகட்டின் மேல் காய்ந்து ஒட்டியதில் மின்சாரம் குறைந்தது, கீழே ஓடும் கம்பிகளில் கூடு. தகடுகளைச் சுற்றிப் பாவாடை மாதிரிக் கம்பி வலை கட்டுவதுதான் இதற்கு வழி. தகட்டின் சட்டத்தில் துளை போடாதீர்கள், உத்தரவாதம் போய்விடலாம். சட்டத்தின் விளிம்பில் கவ்வும் கொக்கிகள் கிடைக்கின்றன. நான் வலை கட்டி முடித்துக் கடைசிக் கொக்கியை மாட்டும்போது உள்ளே ஓரமாக ஒரு புறா உட்கார்ந்திருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தை மூடும் முன் தரையோடு தரையாகப் படுத்து, கைவிளக்கு அடித்து ஒரு முறை முழுதாகப் பாருங்கள்.

சன்ஷேடு மாதிரித் தட்டையான விளிம்புகளில், 45 பாகைக்குக் குறையாத சரிவில் ஒரு பலகையோ தகரமோ வைத்துவிட்டால் போதும். கால் நிற்காத இடத்தில் துரும்பு நிற்காது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. ஒரு பறவையையும் காயப்படுத்தாது, ஒரு முறை வைத்தால் மறந்துவிடலாம்.

காசு செலவழித்து வீணானவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேளா ஒலி எழுப்பும் பெட்டி ஒன்று வாங்கினேன். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி கேட்காது என்பது தெரியும், பறவைகளுக்கும் அது கேட்காது என்பதைப் பிறகுதான் படித்தேன். பெட்டியின் மேலேயே புறா உட்கார்ந்தது. பிளாஸ்டிக் ஆந்தை நான்கு நாள் பயமுறுத்தியது. பளபளக்கும் நாடா இரண்டு வாரம். பறவைகள் ஆபத்து எது, அசையாத பொருள் எது என்று சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. முள்பட்டைகள் புறாவை ஓரளவு தடுக்கும், ஆனால் சிறு பறவைக்கு அந்த முட்களே துரும்பைப் பிடித்து வைக்கும் சாரம். 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி இன்னும் மேலே போகிறது: காகமும் மேக்பை என்ற அதன் உறவுப் பறவையும் கட்டடங்களிலிருந்து இந்த முள்பட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தங்கள் கூட்டிலேயே சேர்த்துக் கட்டியிருந்தன. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் கிடைத்த ஒரு கூட்டில் மட்டும் சுமார் 1,500 முட்கள்.

ஒட்டும் பசையை மட்டும் யாரும் வாங்காதீர்கள். இறகில் ஒட்டினால் அந்தப் பறவையால் பறக்கவும் முடியாது, இறகைச் சுத்தம் செய்யவும் முடியாது. நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

சுத்தம் செய்வதில் நான் செய்த தவறு, காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கியது. அப்படிச் செய்யவே கூடாது. காய்ந்த எச்சத்தூள் காற்றில் ஏறி நுரையீரலுக்குள் போனால் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ், கிரிப்டோகாக்கோசிஸ் போன்ற பூஞ்சை நோய்கள் வர வாய்ப்பு உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவதே சரி. முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். என்95 முகக்கவசம், கையுறை, பழைய சட்டை. ஊறியதைத் தகரத்தால் சுரண்டி இரட்டைப் பையில் போட்டுக் கட்ட வேண்டும். பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். வீட்டுத் தூசி உறிஞ்சியைப் பயன்படுத்த வேண்டாம், அது தூளைப் பின்பக்கமாக அறைக்குள் ஊதும்.

குஞ்சுகள் போனதும் கூட்டை ஏன் சீக்கிரம் எடுக்கச் சொல்கிறேன் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. குருவிக் கூட்டில் புள்ளி அளவுக்குச் சிறு உண்ணிகள் இருக்கும். பறவையின் இரத்தம்தான் அவற்றின் உணவு. பறவை போன பிறகு பசியோடு ஓட்டின் இடுக்கு வழியாக அறைக்குள் இறங்கும். முதல் வருடம் கூட்டை அப்படியே விட்டதில், மேல்கட்டில் படுத்த மகளுக்குக் கழுத்திலும் கையிலும் சிவந்து தடித்துவிட்டது. மூட்டைப்பூச்சி என்று மெத்தையை எல்லாம் வெயிலில் போட்டோம். காரணம் தலைக்கு மேலே இருந்தது. இந்த உண்ணிகள் மனித உடலில் குடியிருக்காது, பறவை இல்லாவிட்டால் தானாகவே செத்துவிடும். ஆனாலும் அந்தச் சில வாரங்கள் பெரும் அவஸ்தை.

குஞ்சு கீழே விழுந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மை இல்லை. இறகு முளைக்காத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். கூடு சிதைந்திருந்தால் அடியில் துளையிட்ட ஒரு சிறு கூடையில் காய்ந்த புல்லை வைத்து, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். குஞ்சின் குரலைக் கேட்டுத் தாய் வரும். உடம்பெல்லாம் இறகோடு தத்தித் தத்தி நடந்தால் அது விழுந்த குஞ்சு இல்லை, பறக்கப் பழகும் குஞ்சு. பூனைக்கு எட்டாத கிளையில் வைப்பதோடு நம் வேலை முடிந்தது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாலும் வேண்டாம்.

முன்பக்க ஓட்டையை வலையால் மூடிய பிறகு எனக்கு மனது கேட்கவில்லை. குருவிகளுக்கு இருந்த ஒரே இடத்தையும் எடுத்துவிட்டேனே என்று இருந்தது. அதே சுவரில், வாசற்படிக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில், மூன்று மரப்பெட்டிகள் வைத்தேன். நுழைவு 32 மில்லிமீட்டர், தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம், மதிய வெயில் படாத பக்கம். ஒன்றுக்கு மூன்று வைத்ததற்குக் காரணம், சிட்டுக்குருவி கூட்டமாகக் குடியிருக்க விரும்பும். பெட்டிக்கு வெளியே உட்காரக் குச்சி வைக்கவில்லை, அது காகத்துக்கும் பூனைக்கும்தான் உதவும். முதல் வருடம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் வருடம் நடுப்பெட்டியில் ஒரு ஜோடி. இப்போது மூன்றும் நிறைந்திருக்கின்றன, எச்சம் விழுவது செடிகளின் மேல்.

போன வாரம் பலத்த காற்றில் பின்பக்கத்தில் ஓர் ஓடு நகர்ந்துவிட்டது. ஆள் வருவதற்குள் மைனா முந்திக்கொண்டது. வீடியோவில் மூன்று நீல முட்டைகள் தெரிகின்றன, இன்னும் ஒன்றிரண்டு வரலாம். மழை அந்தப் பக்கம் சாரலாகத்தான் அடிக்கிறது, கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். ஓடு மாற்றுபவரிடம், “அண்ணே, நாற்பத்தைந்து நாள் கழித்து வாங்க” என்று சொல்லி, நாட்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன்.